எம்எஸ்: மருந்தோடு சாப்பாடு, உடற்பயிற்சி, அக்கம்பக்கம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? (வடசென்னை)

தண்டையார்பேட்டை_செல்வி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 34 வயது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ்: உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்) என்று உறுதியாகி இது மூன்றாவது வருடம். முதலில் இடது கண் மங்கியது, கண்ணை அசைத்தால் வலித்தது. கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று கண் ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கிருந்து நரம்பியலுக்கு அனுப்பினார்கள். எம்ஆர்ஐ, முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பரிசோதனை, ஸ்டீராய்டு டிரிப் என்று எல்லாம் ஆனது. இப்போது 6 மாதத்துக்கு ஒருமுறை ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து ஏற்றுகிறார்கள். அதன் பிறகு புதிதாக அட்டாக் (நோய் திடீரென்று கிளம்புவது) எதுவும் வரவில்லை.

ஆனால் அன்றாடம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் பில்லிங் வேலை. மத்தியானத்துக்கு மேல் வருகிற அசதியைச் சொல்லி விளக்கவே முடியவில்லை. தூங்கி எழுந்தாலும் போகாது. வலது கால் லேசாக இழுக்கிறது. கத்திரி வெயிலில் பஸ்ஸுக்கு நின்றால் அந்தப் பழைய கண் மறுபடி மங்குகிறது. வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. பார்ப்பதற்கு நன்றாக இருப்பதால் மாமியாருக்கு இது சோம்பலாகத் தெரிகிறது. அவர் கெட்டவர் இல்லை, புரியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது சொந்தக்காரர் ஒருவர் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு இயற்கை சிகிச்சை மையத்தைச் சொல்கிறார். ஒரு மண்டலம் தங்க வேண்டுமாம். மருந்தை நிறுத்தினால்தான் உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளுமாம். மனசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மறைக்கவில்லை. இந்த நோயோடு வாழ்கிறவர்கள் இருந்தால், சாப்பாட்டிலும் பழக்கத்திலும் நீங்கள் மாற்றியது என்ன, எது நிஜமாகவே உதவியது என்று சொல்லுங்கள்.

ராயபுரம்_அண்ணன்

தங்கச்சி, என் வீட்டுக்காரம்மாவுக்கு இது வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. முதலில் அந்தக் கண் விஷயம். பயப்படாதே. நரம்பைச் சுற்றி இருக்கும் மயலின் உறை போன இடத்தில், உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே சிக்னல் தடுமாறும். 1890-லேயே ஊத்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இதை எழுதி வைத்திருக்கிறார். உடம்பு ஆறினால் பார்வை பழைய நிலைக்கு வந்துவிடும், நரம்புக்குப் புதிதாகச் சேதம் இல்லை. இது தெரியாத காலத்தில் ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறோம்.

இப்போது வீட்டில் கடைப்பிடிப்பது: சமையல் காலை 7 மணிக்குள் முடிந்துவிடும், மத்தியானம் அடுப்பே கிடையாது. வெளியே போனால் கழுத்தில் ஈரத் துண்டு, பையில் ஐஸ் போட்ட தண்ணீர். போவதற்கு முன்னால் குளிர்ந்த தண்ணீரில் கை, கால், பிடரி நனைத்துக்கொள்வாள். மூன்றாவது மாடி என்றால் மொட்டை மாடிச் சூடு உனக்கு அப்படியே இறங்கும். தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடிக்க வீட்டு ஓனரிடம் கேட்டுப் பார்.

சாப்பாடு என்றால் எங்களுக்கு மீன்தான். காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒமேகா மாத்திரைக்குக் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வஞ்சிரம் தேவையில்லை, மத்தியும் காணாங்கெளுத்தியும் போதும். வறுக்காமல் குழம்பாக வை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு போகாது, விலை ஏறும். அப்போது நாட்டுப் படகில் வரும் நெத்திலி கிடைக்கும். மீன் எம்எஸ்ஸை நிறுத்திவிடும் என்று சொல்ல வரவில்லை. இதயத்துக்கு நல்லது, எண்ணெய்ப் பலகாரம் குறைகிறது, அதற்காகத்தான்.

மருந்தை நிறுத்தாதே. மற்ற எதை வேண்டுமானாலும் பேசலாம்.

இயற்கைவழி_குமார்

அண்ணன் சொல்வதோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. எனக்கும் எம்எஸ்தான். எருக்கஞ்சேரி. ஊசி போட்டுக்கொண்டிருந்த காலத்தில் வாரா வாரம் காய்ச்சலும் உடம்பு வலியும்தான் மிச்சம். இது போன்ற ஒரு மையத்துக்குப் போனேன். பால், சர்க்கரை, மைதா, வறுத்தது எல்லாம் விட்டேன். சிறுதானியம், கீரை, காலையில் மூச்சுப் பயிற்சி. ஊசியை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது, ஒரு அட்டாக்கும் இல்லை. தொப்பை போனது, தூக்கம் வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் போய்க்கொண்டிருந்த நரம்பியல் டாக்டர் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. ரிப்போர்ட்டைப் பார்ப்பார், சீட்டு எழுதுவார், அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அந்த மையத்தில் முதல் நாள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார்கள். அப்பா இறந்ததைக்கூடக் கேட்டார்கள். செல்வி, மனசு அந்தப் பக்கம் சாய்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அதை யாரும் தப்பு என்று சொல்ல வேண்டாம்.

ஓய்வுபெற்ற_செவிலியர்

குமார் தம்பி, நீங்கள் சொன்னதில் இரண்டாவது பகுதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். அரசு ஆஸ்பத்திரி ஓபி-யில் பல வருடம் நின்றவள் நான். டாக்டருக்கு நேரம் இருக்காது, நோயாளிக்குக் கேள்வி தீராது. கேட்க ஆள் கிடைத்தால் உடம்பே லேசாகிறது என்பது நிஜம்.

முதல் பகுதியில் ஒரு கவலை இருக்கிறது. எம்எஸ் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு அது வந்து வந்து போகும் வகையாகத்தான் தொடங்கும். அந்த வகையில் மருந்தே இல்லாமலும் ஒன்றரை வருடம், இரண்டு வருடம் அமைதியாக இருப்பது சகஜம். அந்த அமைதிக்கான பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்: கீரை, கஷாயம், நேர்த்திக்கடன். உள்ளே என்ன நடக்கிறது என்பதை எம்ஆர்ஐதான் காட்டும். உடம்பில் எந்த அறிகுறியும் தெரியாமலே புதிய லீஷன் (நரம்பு உறை பழுதான இடம்) வருவது இந்த நோயில் அடிக்கடி நடக்கிறது. நீங்கள் மருந்தை நிறுத்திய பிறகு ஸ்கேன் எடுத்தீர்களா?

உணவைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்றும் புதிதல்ல. ராய் ஸ்வாங்க் என்ற மருத்துவர் கொழுப்பைக் கடுமையாகக் குறைத்த உணவுமுறையில் 144 நோயாளிகளை 34 வருடம் தொடர்ந்து பார்த்து 1990-ல் முடிவை வெளியிட்டார். கொழுப்பு குறைவாகச் சாப்பிட்டவர்கள் நன்றாக இருந்தார்கள் என்றார். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. நன்றாக இருந்ததால் உணவைத் தொடர முடிந்ததா, உணவைத் தொடர்ந்ததால் நன்றாக இருந்தார்களா என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது. அதனால் நான் சொல்வது: நீங்கள் விட்ட மைதாவையும் சர்க்கரையையும் திரும்பத் தொட வேண்டாம். உடல் எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் எம்எஸ் உள்ளவர்களுக்கு ஊனம் மெதுவாகத்தான் கூடுகிறது. புகை இருந்தால் இன்றைக்கே விடுங்கள். புகைப்பவர்களுக்கு இந்த நோய் வேகமாக முற்றுகிறது என்பதில் சந்தேகமே இல்லை.

ஊசியில் காய்ச்சல் வருவது இன்டர்ஃபெரான் என்ற எம்எஸ் மருந்தின் தெரிந்த பக்க விளைவு. அந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாற்று மருந்து உண்டு. மருந்தே வேண்டாம் என்று போவதற்கு முன்னால் வேறு மருந்து கேட்டிருக்கலாமே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

செல்விக்கு ஒரு எச்சரிக்கை. ரிட்டுக்ஸிமாப் எதிர்ப்பு சக்தியின் ஒரு பகுதியை வேண்டுமென்றே அடக்குகிறது. எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி, லேகியம் என்று யார் கொடுத்தாலும் டாக்டரிடம் காட்டாமல் சாப்பிடக் கூடாது. காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் பார்க்கலாம் என்று வீட்டில் இருக்கவும் கூடாது.

தண்டையார்பேட்டை_செல்வி

நன்றி சிஸ்டர். வைட்டமின் டி எனக்கு ரொம்பக் குறைவு என்று வந்தது. இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் எப்படி? அதற்கு மாத்திரை போட்டால் நோய் குறையுமா?

ஓய்வுபெற்ற_செவிலியர்

வெயில் தெருவில் அடிக்கிறது, நாம் ஆபீஸுக்குள் இருக்கிறோம். குறைவு என்றால் ஈடுகட்ட வேண்டியதுதான். நோயைக் குறைக்குமா என்பதில் ஆராய்ச்சிகள் ஒரே பேச்சாக இல்லை. மற்ற மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில் பெரிய பலன் தெரியவில்லை. பிரான்ஸில் நடந்து 2025-ல் வெளியான ஆய்வில், நோயின் தொடக்கத்தில் இருந்தவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1 லட்சம் யூனிட் கொடுத்தபோது நோயின் வேகம் ஓரளவு குறைந்தது. அதைப் படித்துவிட்டு யாரும் தானாக அந்த அளவு வாங்கிப் போடாதீர்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

வியாசை_பிசியோ

நான் நரம்பு நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுப்பவன். முன்பெல்லாம் எம்எஸ் என்றால் ஓய்வெடு, அலட்டிக்கொள்ளாதே என்று டாக்டர்களே சொன்னார்கள். இன்று யாரும் அப்படிச் சொல்வதில்லை. அசதிக்கும், நடைக்கும், சமநிலைக்கும் உடற்பயிற்சி உதவுகிறது என்று நிறைய ஆய்வுகள் இருக்கின்றன. மருந்து தராத பலனை இது தருகிறது.

செல்வி அக்கா, உங்கள் விஷயத்தில் நான் செய்யச் சொல்வது இது. காலை 5:30-க்கு மொட்டை மாடி. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. ஐந்து நிமிடம் செய்துவிட்டு மூன்று நிமிடம் உட்காருங்கள், பிறகு மறுபடி. ஒரே மூச்சில் அரை மணி நேரம் வேண்டாம். செய்த பிறகு கால் தளர்ந்தால் பயப்படாதீர்கள். ஒரு மணி நேரத்தில் பழையபடி வந்துவிட்டால் அது சூட்டின் வேலை. மறுநாளும் தளர்வு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். பாதம் தொங்கித் தரையில் தட்டுகிறது என்றால் பாதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் இருக்கிறது, அளவெடுத்துச் செய்து தருவார்கள். பல பேர் கூச்சப்பட்டுப் போடாமல் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வருகிறார்கள். பேன்ட், சுடிதாருக்குள் அது வெளியே தெரியாது.

இன்னொன்றை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். புதிய அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், அதுவும் காய்ச்சல் இல்லாமல் இருந்தால், ரிலாப்ஸ், அதாவது புது அட்டாக் என்று சந்தேகப்பட்டு உடனே டாக்டரைப் பாருங்கள். பழைய அறிகுறியே திடீரென்று கூடினால் முதலில் சிறுநீர் டெஸ்ட். சிறுநீர்ப் பாதைத் தொற்று ஒன்றே போதும், நடக்கிறவரைப் படுக்க வைத்துவிடும். தொற்று தீர்ந்ததும் எழுந்து நடப்பார்.

காலடிப்பேட்டை_அம்மு

எல்லோரும் உடம்பைப் பற்றி எழுதிவிட்டீர்கள். நான் மனுஷங்களைப் பற்றி எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஆறு குடித்தனம் உள்ள வீடு, நடுவில் வாசல், பொதுக் குழாய். முதலில் யாருக்கும் சொல்லாமல்தான் இருந்தேன். பக்கவாதம், ஒட்டிக்கொள்ளும் என்று ஏதாவது பேசுவார்கள் என்ற பயம். நடை தள்ளாடும்போது ஒருத்தி, இது குடிகாரர் நடை மாதிரி இருக்கிறதே என்று என் பையன் காதுபடச் சொன்னாள். அவன் அழுதுகொண்டு வந்தான். அன்று சாயங்காலமே மகளிர் குழுக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் உடம்பு என் நரம்பையே தாக்குகிறது, இது ஒட்டாது, மனநோய் இல்லை, சில நாள் நன்றாக இருப்பேன், சில நாள் முடியாது என்று.

அசதியைச் சொல்லி விளக்க முடியவில்லை என்று செல்வி எழுதினாரே, நான் சொன்னது இதுதான்: லாரித் தண்ணீர் வருகிற நாளில் நமக்கு இத்தனை குடம் என்று எண்ணிப் பிடித்து வைத்து, குடிக்க எவ்வளவு, துவைக்க எவ்வளவு என்று பார்த்துச் செலவு செய்கிறோம் இல்லையா, என் தெம்பு அப்படி. காலையில் துவைத்தே தீர்த்துவிட்டால் ராத்திரி சமைக்க இருக்காது. எங்கள் பகுதிப் பெண்களுக்கு இதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படவில்லை.

நான் கவனித்தது ஒன்று. பாவம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள்கூட, ஒரு வேலை சொன்னால் செய்கிறார்கள். கீழ் வீட்டு அக்காதான் எனக்குத் தண்ணீர் எடுத்து வைக்கிறார். எதிர் வீட்டுப் பெண் மருந்து நாளன்று பையனைப் பள்ளியிலிருந்து கூட்டி வருகிறாள். பதிலுக்கு நான் வாசலில் உட்கார்ந்து அவர்கள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன், ரேஷன், பேங்க் பாரம் நிரப்பித் தருகிறேன். வாங்குகிறவளாக மட்டும் இருந்திருந்தால் எனக்கே உள்ளே நைந்து போயிருக்கும். குமார் தம்பிக்கு அந்த மையத்தில் கிடைத்தது எனக்கு இந்த வாசலில் கிடைத்தது. இதற்காக மருந்தை விட வேண்டியிருக்கவில்லை.

செல்வி, மாமியாரை அடுத்த முறை டாக்டரிடம் கூடவே கூட்டிப் போ. எம்ஆர்ஐ படத்தில் அந்த வெள்ளைப் புள்ளிகளை அவர் கண்ணால் பார்க்கட்டும். என் மாமியார் அதைப் பார்த்த பிறகு என்னைக் குறையாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

மன அழுத்தமும் இந்த நோயில் மற்றவர்களைவிட அதிகம். கவலையால் மட்டும் வருவதில்லை, மூளையில் நடக்கும் மாற்றமும் ஒரு காரணம் என்று என் டாக்டர் சொன்னார். தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் அதற்கும் சிகிச்சை கேளுங்கள். நான் மாத்திரை எடுத்தேன். நன்றாக இருக்கிறேன்.

பெரம்பூர்_பொண்ணு

முதல் தடவை எழுதுகிறேன். எனக்கும் எம்எஸ்தான். வயது 26. எனக்கு நிச்சயம் பேசுகிறார்கள். அம்மா மாப்பிள்ளை வீட்டில் சொல்லவே வேண்டாம் என்கிறார். குழந்தைக்கும் வருமா? பிரசவம் ஆனால் உடம்பு மோசமாகிவிடும் என்கிறார்களே?

ஓய்வுபெற்ற_செவிலியர்

கண்ணம்மா, இது நேரடியாகப் பிள்ளைக்குப் போகிற நோய் இல்லை. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் குழந்தைக்குப் பிற்காலத்தில் வரும் வாய்ப்பு நூற்றில் இரண்டு, மூன்றுதான். கர்ப்ப காலத்தில், அதிலும் கடைசி மூன்று மாதத்தில், அட்டாக் குறைகிறது. பிரசவத்துக்குப் பின் முதல் மூன்று மாதம் கூடும். 1998-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சில மருந்துகளைக் கருத்தரிக்கும் முன்பே நிறுத்த வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். அதனால் கல்யாணம் முடிவானதும் டாக்டரிடம் சொல்லிவிடு.

மறைப்பதைப் பற்றி என் கருத்து: மாப்பிள்ளையிடம் நீயே, அவர் தனியாக இருக்கும்போது சொல். பிரசவத்துக்குப் பின் அந்த மூன்று மாதம் ராத்திரியில் குழந்தையைத் தூக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

ராயபுரம்_அண்ணன்

பணம் பற்றி யாரும் பேசவில்லை. எங்களுக்குத் தெரியாமலே பல வருடம் போனது, அதனால் எழுதுகிறேன். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை சேர்த்தார்கள், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் அதில் உண்டு. நடக்கிறாயே, உனக்கு எதற்கு என்று கவுன்டரில் கேட்பார்கள். நரம்பியல் டாக்டர் சான்று, எம்ஆர்ஐ ரிப்போர்ட் எல்லாம் கொண்டு போய் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்குங்கள். தமிழக அரசின் மாதப் பராமரிப்பு உதவித்தொகையிலும் எம்எஸ் இருக்கிறது, மாதம் 2000 ரூபாய். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா என்று 1985-ல் தொடங்கிய அமைப்புக்குச் சென்னையில் கிளை இருக்கிறது. என் வீட்டுக்காரம்மா அதே நோயுள்ள இன்னொரு பெண்ணை முதன்முதலில் பார்த்தது அவர்கள் கூட்டத்தில்தான். வீட்டுக்கு வந்து, அவளுக்கும் மதமதப்பு வலது பக்கம்தானாம் என்று ராத்திரி முழுக்கப் பேசினாள்.

அப்புறம் செல்வி, பாரிமுனைக்கு ஏன் பஸ்ஸில் நிற்கிறாய்? 2021-லிருந்து மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடுகிறது. தண்டையார்பேட்டையில் ஏறினால் ஹைகோர்ட் ஸ்டேஷன். லிப்ட், ஏசி, உட்கார இடம். பஸ்ஸில் உனக்கு இலவசம்தான், ஆனால் வெயில் நாளில் மட்டுமாவது அந்தக் காசைச் செலவு செய்.

தண்டையார்பேட்டை_செல்வி

எல்லோருடையதையும் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினேன். மையத்துக்குப் போவதில்லை என்று முடிவு செய்தாகிவிட்டது. சொந்தக்காரரிடம் அவரே பேசிவிட்டார். அடுத்த டோஸுக்கு மாமியார் வருகிறேன் என்றிருக்கிறார். மொட்டை மாடிப் பயிற்சியைத் தொடங்கிவிட்டேன், பக்கத்து வீட்டு அக்காவும் முட்டி வலிக்கு நல்லது என்று கூட வருகிறார். ஆபீஸில் காலை 8 மணிக்கு வந்து 4 மணிக்குக் கிளம்ப அனுமதி கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. அம்மு அக்கா, மெட்ரோவில் உங்கள் வீடு எனக்குப் பக்கம்தான். ஞாயிறு சாயங்காலம் வரலாமா?

காலடிப்பேட்டை_அம்மு

வா. 5 மணிக்கு மேல் வா, வாசலில் நிழல் வந்துவிடும். பெரம்பூர்_பொண்ணு, நீயும் வா.

இயற்கைவழி_குமார்

சிஸ்டர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்தேன். ஸ்கேன் எடுக்கவில்லை. நன்றாக இருக்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டேன். சாப்பாட்டு முறையை நான் விடப்போவதில்லை, அது எனக்கு நல்லது செய்திருக்கிறது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதற்குச் சாட்சி சொல்லக் கூடாது என்றும் படுகிறது. பழைய டாக்டரிடம் போக மனமில்லை. வேறு எங்கே போகலாம்?

ஓய்வுபெற்ற_செவிலியர்

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் நரம்பியல் ஓபி இருக்கிறது. இல்லை என்றால் சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. பழைய எம்ஆர்ஐ சிடி, பிலிம் எல்லாம் கட்டாயம் கொண்டு போங்கள். பழையதோடு ஒப்பிட்டால்தான் புதிதாக வந்தது எது என்று தெரியும், வெறும் ரிப்போர்ட் காகிதம் போதாது. ஊசியை எப்போது நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போனால் மறந்துவிடும். சாப்பாட்டு முறையையும் எழுதுங்கள். கண் இரண்டிலும் சேர்ந்து பார்வை போனதுண்டா, தண்டுவடத்தில் நீளமான லீஷன் என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் அக்வாபோரின்-4 ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். என்எம்ஓ என்று எம்எஸ் மாதிரியே தோன்றும் வேறு நோய் ஒன்று உண்டு, அதற்கு மருந்து வேறு. கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.

வியாசை_பிசியோ

குமார் அண்ணா, ஸ்டான்லி என்றால் நான் வருகிறேன். புதன்கிழமை காலை எனக்கு வேலை இல்லை. 7 மணிக்குச் சீட்டு வாங்குகிற வரிசையில் நிற்கலாம், தனி மெசேஜ் அனுப்புங்கள்.